மைதானத்தில் கோடு போடப் போகிறீர்களா? ரெஃபரியின் கேள்விகளைத் தெரிந்துகொண்டு போடுங்கள்

பெங்களூரில் எங்கள் பகுதிப் பொங்கல் கால்பந்துப் போட்டியில் அரையிறுதி ஆட்டம் ஒன்று இருபத்தைந்து நிமிடம் நின்றுபோனது. காரணம், நான் போட்ட கோடு.

கார்னரிலிருந்து வந்த பந்து கம்பத்தின் உள்பக்கத்தில் பட்டுக் கோல் வாயிலில் விழுந்தது. கீப்பர் பாய்ந்து வெளியே தட்டினார். கோட்டுக்கும் பந்துக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்துக்குச் செம்மண் தெரிந்ததை நானே பார்த்தேன். கோல் என்று ஒரு பக்கம் துள்ளியது. ரெஃபரி கோல் இல்லை என்றார். பந்து கம்பத்தின் பின்விளிம்பை இன்னும் முழுதாகத் தாண்டவில்லை. கம்பத்தின் பருமன் 10 சென்டிமீட்டர். நானோ அதன் முன்விளிம்பை ஒட்டி 6 சென்டிமீட்டர் அகலத்துக்குத்தான் கோடு போட்டிருந்தேன். மிச்சமிருந்த 4 சென்டிமீட்டருக்காகத்தான் அத்தனை சண்டையும். இரண்டு அணியிலும் நான் தூக்கி வளர்த்த பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அன்று மாலை கூட்டம் கலைந்த பிறகு ரெஃபரி என்னைக் கூப்பிட்டு, ஒரு குச்சியால் மண்ணில் வரைந்து காட்டினார். "தம்பி, கோடு அழகுக்காகப் போடுவதில்லை. ஒவ்வொரு கோடும் என்னிடம் கேட்கப்படும் ஒரு கேள்விக்குப் பதில். அரை நொடியில் நான் அந்தப் பதிலைச் சொல்ல வேண்டும். கோடு தவறாக இருந்தால், நான் சரியாகச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள்."

அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகளாக எங்கள் மைதானத்துக்கு நான்தான் கோடு போடுகிறேன். பெலேவுக்குச் சிலை வைத்திருக்கும் கௌதமபுரத்திலும், மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன் பக்கத்திலும் தமிழ்ப் பிள்ளைகள் ஆடும் போட்டிகளுக்குப் புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

1. அனுமதிக் கடிதம்: மூன்று வாரம் முன்னதாக

மாநகராட்சி மைதானம் என்றால் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு முளைகூட அடிக்காதீர்கள். கடிதம் கன்னடத்தில் இருக்கட்டும். முதல் ஆண்டு நான் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு போய், மூன்று மேசைகளுக்கு அலைந்து, ஒரு வாரத்தை இழந்தேன். அடுத்த ஆண்டு பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவி கன்னடத்தில் எழுதித் தந்தாள். ஒரே நாளில் முத்திரை விழுந்தது.

கடிதத்துடன் பொறுப்பாளரின் ஆதார் நகல், ஆட்டம் நடக்கும் தேதிகளும் நேரமும், எத்தனை அணிகள் என்ற பட்டியல், மைதானத்தின் எந்தப் பகுதி வேண்டும் என்று காட்டும் கையால் வரைந்த படம் ஆகியவற்றை வையுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முன்பணம் கட்டினால் அசல் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அது இல்லாமல் பணம் திரும்பி வராது.

இதில் பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. "போட்டி நடத்த அனுமதி வேண்டும்" என்று மட்டும் எழுதுவார்கள். "தரையில் தற்காலிகமாக வெள்ளைக் கோடு போடவும், முளை அடிக்கவும்" என்ற வரியையும் சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் விடியற்காலையில் காவலாளி வந்து சுத்தியலைப் பிடுங்குவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. செயற்கைப் புல் தரையாக இருந்தால் பொடியே போடக் கூடாது. அங்கே ஏற்கெனவே கோடு இருக்கும். நீங்கள் செய்ய வேண்டியது அளவைச் சரிபார்ப்பது மட்டும்.

மைக் வைப்பதாக இருந்தால் காவல் நிலையத்துக்குத் தனிக் கடிதம் வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடையாது என்பதை ஆட்ட நேரம் குறிக்கும்போதே மனத்தில் வையுங்கள்.

2. முதலில் டேப்பைச் சோதியுங்கள், பிறகு மைதானத்தை

கடன் வாங்கிய டேப்பை நம்பாதீர்கள். என் கையில் வந்தது ஐம்பது மீட்டர் நார் டேப். முனை கிழிந்துபோய், யாரோ வளையத்தை 40 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி ரிவெட் அடித்திருந்தார்கள். அதனால் 11 மீட்டர் என்று நான் குறித்த பெனால்டிப் புள்ளி உண்மையில் 10.60 மீட்டரில் இருந்தது. டேப்பைப் பிரித்ததும் பூஜ்யம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பாருங்கள். பழுதான டேப்தான் கிடைத்தது என்றால் 1 மீட்டர் குறியிலிருந்து அளந்து, கடைசியில் ஒரு மீட்டரைக் கழித்துக்கொள்ளுங்கள்.

விதிப்படி மைதானத்தின் நீளம் 90 முதல் 120 மீட்டர், அகலம் 45 முதல் 90 மீட்டர். நீளம் எப்போதும் அகலத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும், சதுரம் கூடாது. சிறுவர் ஆட்டம், மூத்தோர் ஆட்டம், தெருவணிகளின் ஆட்டம் போன்றவற்றுக்கு அளவைச் சுருக்கிக்கொள்ள விதியிலேயே இடமிருக்கிறது. சுருக்கினால் அதை நுழைவுப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். ஆட்டத்தன்று காலையில் சொன்னால் அது சலுகையாகத் தோன்றாது, சதியாகத்தான் தோன்றும்.

எங்கள் மைதானத்தில் 90 மீட்டர் நீளமும் 60 மீட்டர் அகலமும் கிடைத்தன. இனி நான் தரும் கணக்கெல்லாம் இந்த அளவுக்கு உரியது.

மூலை செங்கோணமாக இருக்க வேண்டும். கொத்தனார் மூலைமட்டம் பார்க்கும் அதே முறைதான். மூலையிலிருந்து ஒரு பக்கம் 6 மீட்டர், மறுபக்கம் 8 மீட்டர் குறித்து, இரண்டு முனைக்கும் நடுவே சரியாக 10 மீட்டர் வரும்படி கயிற்றை நகர்த்துங்கள். நான்கு முளையும் அடித்த பிறகு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். 90க்கு 60 மைதானத்தில் இரண்டும் 108.17 மீட்டர் வர வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் மைதானம் சாய்ந்திருக்கிறது என்று பொருள். ஆஃப்சைடு (பந்து தட்டிவிடப்படும்போது தாக்குபவர் எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி முன்னே நிற்பது) பார்க்கும் துணை நடுவர் பெனால்டிப் பெட்டியின் கோட்டையும் நடுக்கோட்டையும் பார்த்துத்தான் தன் கண்ணை நேர்ப்படுத்திக்கொள்கிறார். மைதானம் சாய்ந்தால் அவர் பார்வையும் கூடவே சாயும்.

3. கோல் கோடு: இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்

ரெஃபரியிடம் வரும் கேள்வி: பந்து முழுவதும் தாண்டியதா?

விதி இரண்டு செய்திகளைச் சொல்கிறது. எல்லாக் கோடுகளும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும், அந்த அகலம் 12 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. கோல் கோடும், கோல் கம்பங்களும், குறுக்குக் கம்பமும் ஒரே பருமனில் இருக்க வேண்டும். ஆகவே கோட்டின் அகலத்தை நீங்கள் முடிவு செய்வதில்லை. மைதானத்தில் நிற்கும் கம்பம் முடிவு செய்கிறது. முதலில் போய்க் கம்பத்தை அளந்துவிட்டு வாருங்கள். எங்கள் கம்பம் 10 சென்டிமீட்டர். அதனால் மைதானம் முழுக்கக் கோடும் 10 சென்டிமீட்டர்.

பிறகு கோட்டின் முன்விளிம்பு கம்பத்தின் முன்விளிம்போடும், பின்விளிம்பு பின்விளிம்போடும் ஒட்டி நிற்கும்படி போடுங்கள். துணை நடுவர் கோல் கோட்டின் நேரே நின்று பார்க்கும்போது, கம்பமும் கோடும் அவர் கண்ணுக்கு ஒரே சுவராகத் தெரிய வேண்டும். பந்தின் கடைசி விளிம்பு அந்தச் சுவரைக் கடந்தால் கோல், இல்லையென்றால் இல்லை. என் அரையிறுதியில் அந்தச் சுவர் இரண்டாகப் பிளந்திருந்தது. கோடு ஒன்றைச் சொன்னது, கம்பம் வேறொன்றைச் சொன்னது.

பெனால்டி அடிக்கும்போதும் இதே கோடுதான் பேசுகிறது. பந்து உதைபடும் கணத்தில் கீப்பரின் ஒரு காலில் ஒரு பகுதியாவது கோட்டின்மேலோ, கோட்டுக்கு நேராகவோ, பின்னாலோ இருக்க வேண்டும். கீப்பர்கள் நின்று நின்று அந்த இடத்தில் பொடி கலைந்துபோகும். ஆகையால் இரண்டு கம்பத்துக்கும் இடையே உள்ள 7.32 மீட்டரில் மட்டும் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் கெட்டியாகப் போடுங்கள். இடைவேளையில் மறுபடி போடுங்கள்.

இன்னொன்று. நகர்த்தக்கூடிய இரும்புக் கோல் கம்பமாக இருந்தால் அதைத் தரையோடு கட்டாமல் ஆட்டத்தைத் தொடங்கக் கூடாது. பின்சட்டத்தை முளையடித்துக் கட்டுங்கள், மணல் மூட்டையும் ஏற்றுங்கள். பிள்ளைகள் குறுக்குக் கம்பத்தில் தொங்குவார்கள். கம்பம் கவிழ்ந்தால் உயிருக்கே ஆபத்து.

4. பக்கக் கோடு

கோடு அது சூழ்ந்திருக்கும் பகுதிக்குச் சொந்தம். இந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொண்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். பக்கக் கோட்டின்மேல் உருளும் பந்து உள்ளேதான் இருக்கிறது. தரையைத் தொடும் இடம் கோட்டுக்கு வெளியே போய்விட்டாலும், பந்தின் வயிறு கோட்டின் விளிம்புக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தால் அப்போதும் உள்ளேதான். பந்தின் குறுக்களவு சுமார் 22 சென்டிமீட்டர். மேலேயிருந்து நேராகப் பார்த்தால்தான் இது தெரியும். பார்வையாளர் பகுதியிலிருந்து சாய்வாகப் பார்ப்பவருக்கு அது வெளியே போனது போலவே தோன்றும்.

அதனால் 90 மீட்டரும் 60 மீட்டரும் கோட்டின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு அளந்தவையாக இருக்க வேண்டும். கயிற்றைக் கட்டி, கயிற்றின் உள்பக்கமாகக் கோடு போடுங்கள். நான்கு பக்கமும் இதே முறை.

கோட்டுக்கு வெளியே பெரிய எட்டாக மூன்று எட்டு இடம் விட்டுப் பார்வையாளர் கயிற்றைக் கட்டுங்கள். துணை நடுவர் ஓட இடம் வேண்டும். எங்கள் மைதானத்தில் தாத்தாக்கள் நாற்காலியோடு கோட்டை ஒட்டி வந்துவிடுவார்கள். முந்தின நாளே கயிறு கட்டிவிட்டால் அதற்கு அப்பால் உட்காருவார்கள்; கோடு போட்ட பிறகு எழுப்பினால் மனத்தாங்கல் வரும்.

5. பெரிய பெட்டியும் சின்னப் பெட்டியும்

கோலை ஒட்டியிருக்கும் கோல் பகுதியைச் சின்னப் பெட்டி என்றும், அதைச் சூழ்ந்த பெனால்டிப் பகுதியைப் பெரிய பெட்டி என்றும் சொல்கிறோம். பெரிய பெட்டிக்கு ரெஃபரியிடம் வரும் கேள்வி இரண்டு: தவறு நடந்த இடம் உள்ளேயா, வெளியேயா? கீப்பர் கையால் தொட்ட பந்து உள்ளே இருந்ததா? கோட்டின்மேல் நடந்த தவறு உள்ளே நடந்ததுதான், பெனால்டி உண்டு. கீப்பர் விஷயத்தில் அவருடைய காலைப் பார்ப்பதில்லை, பந்து எங்கே என்றுதான் பார்க்கிறார்கள். கால் வெளியே இருந்து பந்து கோட்டின்மேல் இருந்தால் தவறில்லை. கால் உள்ளே இருந்து, கை நீட்டிப் பிடித்த பந்து முழுதும் வெளியே இருந்தால் தவறு.

ஆகவே இந்தக் கோடு ஒரு சாண் தள்ளிப் போனாலும் ஒரு கோலின் விலை. அளக்கும் முறையைக் கவனமாகப் படியுங்கள்.

அகலத்தைக் கம்பத்தின் உள்விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். வெளிவிளிம்பிலிருந்து அல்ல, கோலின் நடுவிலிருந்தும் அல்ல. பெரிய பெட்டிக்கு இரண்டு பக்கமும் 16.5 மீட்டர், சின்னப் பெட்டிக்கு 5.5 மீட்டர். மைதானத்துக்கு உள்ளேயும் அதே 16.5, அதே 5.5. இந்த ஆழத்தைக் கோல் கோட்டின் பின்விளிம்பிலிருந்து பெட்டிக் கோட்டின் வெளிவிளிம்பு வரை அளக்க வேண்டும்.

நான்கு முறை தனித்தனியாக அளந்தால் தவறு கூடிக்கொண்டே போகும். 60 மீட்டர் அகலத்துக்கு ஒரே ஓட்டத்தில் குறிக்க நான் ஒரு வரிசை வைத்திருக்கிறேன். ஒரு மூலையில் டேப்பைப் பிடித்துக்கொண்டு கோல் கோட்டின் வழியே போய் இந்த இடங்களில் முளை அடியுங்கள்: 9.84, 20.84, 26.34, 33.66, 39.16, 50.16, கடைசியில் 60. 9.84, 50.16 இரண்டும் பெரிய பெட்டியின் ஓரம்; 20.84, 39.16 இரண்டும் சின்னப் பெட்டியின் ஓரம்; நடுவில் உள்ள 26.34, 33.66 இரண்டும் கம்பங்களின் உள்விளிம்பு; 60 மறு மூலை. டேப் 50 மீட்டர்தான் என்றால் 50.16ஐ மறு மூலையிலிருந்து 9.84 என்று குறித்துவிடலாம். கம்பம் நிலையாக நட்டதாக இருந்தால் கம்பத்திலிருந்து தொடங்கி மூலையைத் தேடுங்கள். மூலை நகரும், கம்பம் நகராது.

பெரிய பெட்டிக் கோடும் கோல் கோடும் சந்திக்கும் இடம் கூர்மையாக இருக்கட்டும். பெனால்டி அடிக்கும்போது துணை நடுவர் அந்தச் சந்திப்பில்தான் வந்து நிற்பார்.

சின்னப் பெட்டியைப் பற்றி எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை இருக்கிறது: அதற்குள் கீப்பரைத் தொடவே கூடாது என்று. அப்படி ஒரு விதி கிடையாது. கீப்பர்மேல் செய்யும் தவறு எங்கே நடந்தாலும் தவறுதான். சரியான தோள் மோதல் சின்னப் பெட்டிக்குள்ளும் சரிதான். சின்னப் பெட்டியின் வேலை வேறு. கோல் கிக்கை அதற்குள் எங்கிருந்து வேண்டுமானாலும் அடிக்கலாம். தாக்கும் அணிக்கு அதற்குள் மறைமுக ஃப்ரீ கிக் (இன்னொருவர் தொடாமல் நேரே கோலாகாத உதை) கிடைத்தால், பந்தைக் கோல் கோட்டுக்கு இணையாகப் போகும் சின்னப் பெட்டிக் கோட்டின்மேல், தவறு நடந்த இடத்துக்கு மிக அருகே கொண்டுவந்து வைக்க வேண்டும். அந்தக் கோடு இல்லையென்றால் பந்தை எங்கே வைப்பது என்று ஐந்து நிமிடம் பேச்சு நடக்கும்.

6. புள்ளி, வில், நடு வட்டம்

பெனால்டிப் புள்ளி இரண்டு கம்பங்களுக்கும் சரி நடுவில், கோல் கோட்டின் பின்விளிம்பிலிருந்து புள்ளியின் மையம் வரை 11 மீட்டர்.

பெட்டிக்கு வெளியே தெரியும் அரை நிலா போன்ற வில், புதியவர்களை அதிகம் குழப்புவது. அது பெனால்டிப் பகுதியில் சேர்ந்தது அல்ல. அதற்குள் தவறு செய்தால் பெனால்டி கிடையாது, கீப்பர் அங்கே பந்தைக் கையால் தொடவும் கூடாது. அதற்கு ஒரே ஒரு வேலைதான். பெனால்டி அடிக்கும்போது மற்ற எல்லா ஆட்டக்காரர்களும் பந்திலிருந்து 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். புள்ளிக்கும் பெட்டியின் முன்கோட்டுக்கும் இடையே இருப்பது 5.5 மீட்டர்தான். பெட்டிக்கு வெளியே நின்றாலும் பந்துக்கு மிக அருகில் நிற்க முடியும் அல்லவா? அந்தக் குறையை வில் தீர்க்கிறது. இதைத் தெரிந்துகொண்டால் எங்கிருந்து வரைய வேண்டும் என்பதும் தானே விளங்கும்: கயிற்றைப் பெனால்டிப் புள்ளியில் கட்டி 9.15 மீட்டரில் சுழற்ற வேண்டும். முன்கோட்டின் நடுவிலிருந்து சுழற்றிப் பெரிய அரைவட்டம் போட்டிருந்த மைதானத்தை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் வில் சரியா என்று பார்க்க ஒரு வழி: அது முன்கோட்டைத் தொடும் இரண்டு இடங்களுக்கும் நடுவே 14.62 மீட்டர் இருக்க வேண்டும்.

நடு வட்டமும் அதே 9.15 மீட்டர்தான்; கிக் ஆஃபின்போது எதிரணியை அந்தத் தொலைவில் நிறுத்துகிறது. 9.15 வரை அளக்க வேண்டியது கோட்டின் வெளிவிளிம்பை. ஆகவே கயிற்றில் 9.15இல் ஒரு முடிச்சும் 9.05இல் ஒரு முடிச்சும் போட்டு இரண்டு வட்டம் கீறிக்கொண்டு, நடுவே பொடியை நிரப்புங்கள். சணல் கயிறு இழுபடும். நைலான் கயிறும் புதிதாக இருந்தால் நீளும். இழுத்துப் பிடித்தபடியே டேப்பில் வைத்து முடிச்சுப் போடுங்கள். பொடி நிரப்ப என் மனைவியும் அவள் தங்கையும் வந்தார்கள். விரலிடுக்கில் கோலமாவு விட்டுப் பழகிய கை. வளைவில் எங்கும் தடிப்போ இளைப்போ இல்லாமல் வட்டம் மூடியது.

நடுக்கோட்டைப் பற்றி ஒன்று மட்டும். ஆஃப்சைடு பார்க்கும்போது நடுக்கோடு எதிரணியின் பாதியில் சேராது. கோட்டின்மேல் நிற்பவர் ஆஃப்சைடு இல்லை.

7. மூலையும் கொடியும்

நான்கு மூலையிலும் கொடிக்கம்பத்தை மையமாக வைத்து, உள்பக்கமாக 1 மீட்டர் ஆரத்தில் கால் வட்டம். கார்னர் கிக் பந்து அதற்குள் இருக்க வேண்டும். கோட்டின் விளிம்புக்கு மேலே தொங்கினாலும் போதும். கொடிக்கம்பம் தரைக்கு மேலே குறைந்தது 1.5 மீட்டர் இருக்க வேண்டும், உச்சி கூராக இருக்கக் கூடாது. மூங்கில் வேண்டாம், வெட்டிய முனை கண்ணைக் கிழிக்கும். இரண்டு மீட்டர் பிவிசி குழாயை அரை மீட்டர் புதைத்து, மேலே மூடி போட்டுவிடுங்கள். கார்னர் அடிப்பவர் கொடியைப் பிடுங்கவோ சாய்க்கவோ கூடாது என்பதால் நன்றாக நட வேண்டும்.

நேரமிருந்தால் கார்னர் வளைவிலிருந்து 9.15 மீட்டர் தள்ளி, மைதானத்துக்கு வெளியே, கோல் கோட்டுக்குச் செங்கோணத்தில் ஒரு சிறு கோடு போடுங்கள். கட்டாயமில்லை. ஆனால் எதிரணி எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று ரெஃபரி எட்டி வைத்து அளக்க வேண்டியதில்லை.

8. இருக்கக் கூடாத கோடுகள்

மண்தரையில் கால்பந்து விதி சொன்ன கோடுகளைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. பெங்களூர் மைதானங்களில் காலையில் த்ரோபால், மாலையில் கபடி, ஞாயிறன்று கிரிக்கெட் நடக்கும். எல்லாருடைய கோடும் அப்படியே கிடக்கும். முந்தின நாளே தண்ணீர் தெளித்துத் துடைப்பத்தால் கலைத்துவிடுங்கள். விட்டு விட்டுப் போடும் கோடும் கூடாது. கோடு தொடர்ச்சியாக இருக்க வேண்டும். மண்வெட்டியால் பள்ளம் கீறிக் கோடு காட்டுவதும் வேண்டாம். அதில் கணுக்கால் மடங்கும்.

அணிகளுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. கீப்பர்கள் தாங்கள் நிற்கும் இடம் தெரிவதற்காகக் குதிகாலால் தரையில் கோடு இழுப்பார்கள். அனுமதியின்றி மைதானத்தில் அடையாளம் இடுபவருக்கு மஞ்சள் அட்டை. எங்கள் போட்டியில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் தெரியாமல் இதைச் செய்து அட்டை வாங்கி அழுதான். அவனுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அதன் பிறகு அணித்தலைவர் கூட்டத்தில் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

9. பொடி, செலவு, நேரம்

சுண்ணாம்புத் தூளும் பிளீச்சிங் பவுடரும் வேண்டவே வேண்டாம். மலிவு என்று நானும் ஒருமுறை நீற்றுச் சுண்ணாம்பு வாங்கினேன். சறுக்கி விழுந்த பையனின் முழங்கால் சிராய்ப்பில் அது ஒட்டி, வியர்வையில் நனைந்து, தோல் வெந்துபோனது. கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கோடு ஆபத்தில்லாததாக இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. யார்மேலாவது பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நான் இப்போது வாங்குவது வெள்ளைக் கல்மாவு. இங்கே கடைகளில் ரங்கோலிப் பொடி என்று மூட்டையாகக் கேட்டால் தருவார்கள். போடுகிறவர்கள் மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். 90க்கு 60 மைதானத்தில் எல்லாக் கோடுகளையும் கூட்டினால் ஏறக்குறைய 660 மீட்டர் வருகிறது. 25 கிலோ மூட்டை நான்கு செலவானது. மழைக்காக ஐந்தாவது மூட்டையைப் பாலித்தீனில் சுற்றித் தனியே வைப்பேன்.

கோடு ஒரே அகலத்தில் வர, தச்சரிடம் ஒரு சட்டம் செய்துகொள்ளுங்கள். ஒன்றரை மீட்டர் நீளமுள்ள இரண்டு ரீப்பர் கட்டைகளை 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இணைத்து, மேலே கைப்பிடி வைத்தால் போதும். கயிற்றை ஒட்டி வைத்து, நடுவே பொடி தூவி, தூக்கி அடுத்த இடத்தில் வையுங்கள்.

கடந்த முறை எனக்கு ஆன செலவு: டேப் 550, சட்டம் 400, கயிறு 300, முளைகள் 240, பொடி நான்கு மூட்டை 1,400, கொடிக்குழாய் 500, உதவிக்கு வந்தவர்களுக்குக் காலைச் சிற்றுண்டி 600. ஏறக்குறைய நாலாயிரம் ரூபாய். அடுத்த ஆண்டு பொடியும் சிற்றுண்டியும் மட்டும்தான். மைதானக் கட்டணமும் முன்பணமும் இதில் சேராது.

முளை அடிப்பதையும் கயிறு கட்டிப் பார்ப்பதையும் முந்தின நாள் மாலை நான்கு மணிக்குத் தொடங்கி வெளிச்சத்திலேயே முடியுங்கள். முளைகளைத் தரையோடு தரையாக அடித்துவிட்டுக் கயிற்றைச் சுருட்டிக்கொள்ளுங்கள். இரவில் யாராவது தடுக்கி விழுவார்கள். பொடியை ஆட்டத்தன்று காலை ஆறு மணிக்குத் தொடங்குங்கள். மூன்று பேருக்கு மூன்று மணி நேரம் ஆகும். முந்தின இரவே போட்டால் பனியும் நாய்களும் நடைப்பயிற்சிக்காரர்களும் பாதியைக் கொண்டுபோய்விடுவார்கள்.

பொங்கல் சமயத்தில் மழை அபூர்வம். ஏப்ரல், மே மாதங்களிலோ செப்டம்பர், அக்டோபரிலோ போட்டி வைத்தால் மாலை மழையை எதிர்பார்த்தே இருங்கள். இடைவேளை 15 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பதால் எல்லாவற்றையும் மறுபடி போட முடியாது. கம்பங்களுக்கு இடையே கோல் கோடு, பிறகு பெரிய பெட்டி, பிறகு பெனால்டிப் புள்ளி என்ற வரிசையில் போடுங்கள். நடு வட்டம் மங்கினால் ரெஃபரி சமாளிப்பார்.

10. ரெஃபரி மைதானத்தைப் பார்க்க வரும்போது

ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாவது நடுவர்களை வரச் சொல்லுங்கள். டேப்பும், ஒரு மூட்டைப் பொடியும், துடைப்பமும் கையில் வைத்துக்கொண்டு அவர்களோடு நடந்து போங்கள். ரெஃபரி கம்பத்தைத் தட்டிப் பார்ப்பார், வலையின் கட்டுகளை இழுத்துப் பார்ப்பார், புள்ளியை எட்டு வைத்து அளப்பார். குறை சொன்னால் அங்கேயே திருத்துங்கள். வாதிடாதீர்கள், மைதானம் ஆட்டத்துக்கு ஏற்றதா என்று முடிவு செய்வது அவர்தான். சுருக்கிய அளவு ஏதாவது இருந்தால் இரண்டு அணித்தலைவர்களையும் அழைத்து அவர் முன்னிலையில் சொல்லிவிடுங்கள்.

பிறகு இரண்டு கோல் கோட்டையும் கம்பத்தோடு சேர்த்துக் கைப்பேசியில் படம் எடுத்துவையுங்கள்.

போட்டி முடிந்த மாலையே எல்லா முளைகளையும் எண்ணிப் பிடுங்குங்கள். நாற்பது அடித்திருந்தால் நாற்பதும் கையில் வர வேண்டும். மறுநாள் அதே தரையில் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுவார்கள். குழிகளை மூடி, காவலாளியை அழைத்துத் தரையைக் காட்டி, அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, முன்பண ரசீதோடு மறுநாளே அலுவலகத்துக்குப் போங்கள்.